பரணில் இருந்த கத்தியும் இரண்டு கோழிக்கால்களும்

கேள்வி: ஐயா, நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு மாறும்போது, அடுப்புக்கு மேலிருந்த பரணில் தாத்தாவின் கத்தி ஒன்று உறையோடு கிடைத்தது. தாத்தா கவ்வாத்துக் கங்காணியாக, அதாவது தேயிலைச் செடி கத்தரிக்கும் வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அலகு பதினான்கரை அங்குலம். பிடியின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மரம். பிடிக்குப் பக்கத்தில் 'மார்ட்டின்டேல், பர்மிங்ஹாம், 1944' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் கோழிக்கால் போல ஓர் அடையாளம், அதற்கு எதிரே தலைகீழாக இன்னொரு கோழிக்கால். கீழே கோணலாக '17' என்று குத்தியிருக்கிறது. உறை பச்சைக் கித்தான். உள்மடிப்பில் 'எம்.ஈ.கோ, 1945' என்று மங்கலாகத் தெரிகிறது. இது ஜப்பான்காரனின் வாள், இலட்சக் கணக்கில் போகும் என்கிறார் மாமா. பட்டாளத்தில் இருந்த ஓர் ஆபிரிக்கர் தாத்தாவுக்குக் கொடுத்தது என்கிறார் அம்மா. ஹட்டனில் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் 'இது போலி' என்றார், ஆனால் 3,000 ரூபா தருவதாகவும் சொன்னார். அப்பா சாணை பிடித்துப் பாவிக்கப் போகிறேன் என்கிறார். பக்கத்து வீட்டில் முதலைப் படம் போட்ட பழைய கத்தி ஒன்று இருக்கிறது, அதுவும் பட்டாளத்துக் கத்திதானா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: டீச்சர், வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களில் நான்கு உறையின் படங்கள். முதலில் அவற்றைத்தான் பார்த்தேன். என்னிடம் கத்தி கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அலகைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வருவார்கள். உறை எங்கே என்று கேட்டால், "அது நாறிப் போச்சு ஐயா, அடுப்பில போட்டுட்டோம்" என்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதது நல்ல காலம். உங்கள் கத்தியைப் பற்றி அதிகம் சொன்னது அந்த நாறுகிற கித்தான்தான்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். படங்களை வைத்துச் சொல்லக்கூடிய அளவில் இது இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் பட்டாளத்தின் காட்டுக்கத்திதான். போலி இல்லை. ஜப்பானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போலி என்று சொன்ன ஹட்டன்காரர் எதற்கு மூவாயிரம் தர வந்தார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் 'போலி' என்ற சொல் பல சமயம் ஒரு விலைதான், தீர்ப்பு இல்லை.

மாமாவின் ஜப்பான் கதையை முதலில் முடித்துவிடுவோம். மலைநாட்டில் பழைய இரும்பு எது கிடைத்தாலும் யாராவது ஒருவர் அதை ஜப்பானுக்கு அனுப்பிவிடுவார். ஜப்பானியப் படை இந்தத் தீவில் கால் வைக்கவே இல்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டவை விமானங்கள். பர்மாவில் சண்டை செய்துவிட்டு வந்த யாராவது ஒரு ஜப்பானிய வாளைக் கொண்டு வந்திருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த வாள் நீளமாக, லேசாக வளைந்து, இரண்டு கையாலும் பிடிக்கும்படி பிடி நீண்டு இருக்கும். பர்மிங்ஹாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்காது.

இப்போது அந்தக் கோழிக்கால். மூன்று கோடுகள் ஒரு முனையில் சேர்கிற இந்த அடையாளத்துக்கு அகல அம்பு என்று பெயர். பிரித்தானிய அரசின் சொத்து என்பதைக் காட்டப் பீரங்கியிலிருந்து கரண்டி வரை எல்லாவற்றிலும் இதைக் குத்தினார்கள். வேறு யாரும் இதைப் போடக்கூடாது என்று அங்கே 1875இல் சட்டமே வந்தது. அம்பைச் சுற்றி ஆங்கில 'சி' எழுத்து இருந்தால் அது கனடா. இரண்டு பக்கமும் 'டி' இருந்தால் அவுஸ்திரேலியா. உங்களுடையதில் அம்பு தனியாக நிற்கிறது. அது பிரித்தானியா.

ஆனால் இதை நம்பி மட்டும் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஏனென்றால் உலகத்திலேயே போலி செய்ய மிகச் சுலபமான முத்திரை இதுதான். கூரான உளியும் சுத்தியலும் இருந்தால் மூன்று தட்டில் முடிந்துவிடும். எந்தத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியையும் ஐந்து நிமிடத்தில் 'பட்டாளத்துக் கத்தி' ஆக்கலாம். அப்படி ஆக்கியவற்றைக் கண்டியில் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

அதனால் பார்க்க வேண்டியது முத்திரை எப்போது குத்தப்பட்டது என்பதை. உங்கள் தோட்டத்தில் வயசான அம்மாமார் கையில் பச்சை குத்தியிருப்பார்கள் இல்லையா? தோல் சுருங்கச் சுருங்க அந்தப் பச்சையும் கூடவே சுருங்கி, கோடு விரிந்து, தோலோடு தோலாகிப் போயிருக்கும். அதே சுருங்கிய கையில் இன்றைக்குப் புதிதாகப் பச்சை குத்தினால் எப்படி இருக்கும்? கண்ணுக்கே தெரிந்துவிடும். இரும்பும் அப்படித்தான். தொழிற்சாலையில் குத்திய எழுத்து, துரு வருவதற்கு முன்னால் வந்தது. துரு அலகைத் தின்னும்போது எழுத்தின் உள்பள்ளத்தையும் ஓரத்தையும் சேர்த்தே தின்னும். உங்கள் ஆறாவது படத்தில் 'பர்மிங்ஹாம்' என்ற சொல்லின் நடுவில் ஒரு துருக்குழி விழுந்து இரண்டு எழுத்து பாதி அழிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. பின்னால் குத்திய எழுத்தென்றால் குழிக்கு மேலே எழுத்து ஏறி நிற்கும், எழுத்தின் அடிப்பக்கம் சுற்றியுள்ள இரும்பைவிடச் சுத்தமாக இருக்கும்.

இதை வீட்டில் நீங்களே சரிபார்க்கலாம். அறையை இருட்டாக்கிவிட்டு, கைபேசி வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் அலகோடு அலகாகப் பக்கத்திலிருந்து அடியுங்கள். படத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். அப்புறம், சின்னப் பிள்ளைகள் ஐந்து ரூபாக் குற்றிமேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அதே போல முத்திரைமேல் மெல்லிய கடதாசி வைத்துத் தேய்த்து எடுங்கள். சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்துக்குள் அப்பாதீர்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் அப்புகிறார்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கோழிக்கால்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்து நின்றால், அரசு அந்தப் பொருளைத் தன் கணக்கிலிருந்து விற்றுவிட்டது என்று அர்த்தம். போலி செய்கிறவர் இதைக் குத்த மாட்டார். அவருக்குப் பட்டாளம் வேண்டும், பட்டாளம் கழித்துவிட்டது என்ற செய்தி வேண்டாம். உங்கள் படத்தில் இரண்டாவது அம்பு முதலாவதைவிடக் கொஞ்சம் ஆழமாக, சற்றுச் சாய்ந்து விழுந்திருக்கிறது. தொழிற்சாலையில் அல்ல, பிறகு எங்கோ ஒரு களஞ்சியத்தில், பொறுமை இல்லாத யாரோ ஒருவர் குவியலிலிருந்து எடுத்து எடுத்துக் குத்தியது போல. ஆனால் அதுவும் துருவுக்கு முந்தியதுதான்.

அம்மா சொன்ன கதை இங்கேதான் இடிக்கிறது. ஆபிரிக்கப் பட்டாளம் இலங்கையில் இருந்தது உண்மை. 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் 1943 நடுப்பகுதியில் இங்கே வந்து, காட்டுச் சண்டைக்குப் பயிற்சி எடுத்து, 1944 நடுப்பகுதியில் பர்மாவுக்குப் போய்க் கபாவ் பள்ளத்தாக்கில் சண்டை செய்தது. அவர்களுக்கு இந்த மாதிரிக் கத்தி ஊரிலேயே பழக்கம், பங்கா என்பார்கள். ஆனால் உங்கள் அலகு 1944, உறை 1945. அந்த டிவிஷன் புறப்பட்ட பிறகு செய்த உறை இது. அதுகூடப் பரவாயில்லை, உறையைப் பிறகு யாரோ சேர்த்தார்கள் என்று சொல்லலாம். இரட்டை அம்புக்கு அந்தச் சமாதானமும் இல்லை. ஒரு சிப்பாய் தன் கத்தியை ஒருவருக்குக் கையில் கொடுத்தால் அதில் 'விற்கப்பட்டது' முத்திரை எப்படி வரும்? போர் முடிந்த பிறகு அரசு கழித்து விற்ற குவியலில் வந்தது இது. அந்த '17'ஐயும் சேர்த்துப் பாருங்கள். கோணலாக, ஒவ்வோர் இலக்கமாகத் தனித்தனி அச்சால் குத்தியிருக்கிறது. தோட்டத்துக் கருவிகளில் இந்த மாதிரிக் கைக்குத்து இலக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், யாரிடம் எது போனது என்று கணக்கு வைப்பதற்காக. என் கணிப்பு, தோட்டம் இவற்றை மொத்தமாக வாங்கியது, 17ஆம் எண் தாத்தா கைக்கு வந்தது, பிறகு திரும்பிப் போகவில்லை.

அம்மாவிடம் இதை ஒரேயடியாகப் போட்டு உடைக்காதீர்கள். தாத்தாவுக்கு ஓர் ஆபிரிக்கச் சிப்பாயைத் தெரிந்திருக்கலாம், அவர் வேறு ஏதாவது கொடுத்திருக்கலாம், கதை மட்டும் இந்தக் கத்தியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். குடும்பக் கதைகள் அப்படி இடம் மாறும். கதையைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று.

சரி, உறை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பிரித்தானியப் படையின் பட்டி, பை, உறை எல்லாம் போரின் தொடக்கத்தில் மண் நிறக் காக்கி. 1937ஆம் ஆண்டு மாதிரி என்பார்கள். பர்மாக் காட்டுக்கு அது சரிவரவில்லை, ஈரத்தில் பாரமாகி உளுத்தது. அதனால் உளுக்காமல் பதப்படுத்திய கரும்பச்சைக் கித்தானில் 1944 மாதிரி வந்தது. 'எம்.ஈ.கோ' என்பது இங்கிலாந்தின் மில்ஸ் எக்விப்மென்ட் கம்பனி, படைக்குப் பட்டியும் பையும் செய்த பெரிய பெயர்களில் ஒன்று. பச்சை நிறமும் 1945ஆம் ஆண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அலகு ஓர் ஆண்டு, உறை அடுத்த ஆண்டு என்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. இரும்பு செய்தவர் ஒருவர், கித்தான் தைத்தவர் வேறொருவர், களஞ்சியத்தில்தான் இரண்டும் சேரும். பத்து இருபது ஆண்டு இடைவெளி இருந்தால்தான் நான் புருவத்தை உயர்த்துவேன்.

ஆனால் உறை உண்மை, அலகும் உண்மை, இரண்டும் ஒரே சோடிதானா என்பது வேறு கேள்வி. இதில் நானே ஒரு முறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்றோ நான்கோ ஆண்டு. ஒரே மாதிரி இரண்டு கத்திகளை ஒரே நாளில் துடைத்தேன். அலகுகளுக்கு எண்ணெய் போட்டு, உறைகளைத் தட்டிக் காயவைத்துவிட்டு, சாயந்தரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதை அதிலும் அதை இதிலும் போட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு வீட்டுக்குப் போயின. ஓர் ஆண்டு கழித்து ஒருவர் திரும்ப வந்து, "ஐயா, என் தகப்பன்ர உறை இவ்வளவு தொளதொள என்று இருக்கேல்ல" என்றார். அவருடைய உறையின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அங்கே துருக்கறையில் ஒரு கத்தியின் உருவம் அப்படியே படிந்திருந்தது. அது அவருடைய கத்தியின் உருவம் இல்லை. மற்றவர் வீட்டுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து உறைக்குள் பார்க்காமல் நான் எந்தக் கத்தியையும் மதிப்பிடுவதில்லை.

உங்கள் பத்தாவது படத்தில், நீங்கள் உறையின் வாயை விரித்துப் பிடித்து எடுத்த படத்தில், அந்தக் கறை தெளிவாக இருக்கிறது. கறையின் அகலம் இப்போதைய அலகைவிட ஏறக்குறைய ஒரு விரல் கூட. இதைப் பார்த்து உறை வேறு கத்தியுடையது என்று ஒருவர் சொல்லக்கூடும். கவனித்துப் பாருங்கள், முதுகுப் பக்கம் கறையும் அலகும் கோடு பிசகாமல் பொருந்துகின்றன. வித்தியாசம் வெட்டுகிற ஓரத்தில் மட்டும்தான், அதுவும் வெட்டு அதிகம் விழுகிற நடுவயிற்றில். தாத்தா முப்பது ஆண்டு கல்லில் தீட்டித் தீட்டி அந்த ஒரு விரல் அகலத்தைத் தேய்த்திருக்கிறார். கத்தி மெலிந்திருக்கிறது, உறை மட்டும் அதன் வாலிப உருவத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. இந்தச் சோடி பிரியவே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை. எந்தப் போலிக்காரரும் இதைச் செய்ய முடியாது, செய்ய அவருக்கு முப்பது ஆண்டு வேண்டும்.

தையல் நூலையும் பாருங்கள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க ஊதா வெளிச்ச விளக்கு வைத்திருப்பார்களே, அதை இரவல் வாங்கி இருட்டில் நூலின்மேல் அடியுங்கள். இப்போதைய வெள்ளை நூல் நீலமாகப் பளிச்சென்று ஒளிரும், அதில் வெளுப்பூட்டும் மருந்து இருக்கிறது. 1945இன் நூல் அப்படி ஒளிரக்கூடாது. ஆனால் ஒளிர்ந்துவிட்டால் உடனே பதறவும் வேண்டாம். சலவைத் தூளிலும் அதே மருந்து இருக்கிறது. யாராவது ஒரு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வீட்டையெல்லாம் கழுவும்போது உறையையும் சேர்த்துத் தோய்த்திருந்தால் எழுபது எண்பது வயதுக் கித்தானும் ஒளிரும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் மாறி, தடித்த பழுப்பு நூலில் கையால் தைத்திருக்கிறது. அது சாக்குத் தைக்கிற நூல், கோணி ஊசி போட்ட துளை பெரிதாகத் தெரிகிறது. தோட்டத்தில் அந்த நூலுக்கா பஞ்சம்? பிரிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

உறையை வெளியே மூடியிருக்கிற கறுப்புப் படலம் அழுக்கு இல்லை. அடுப்புப் புகை. விறகுப் புகையின் தார் கித்தானில் இறங்கியதுதான் பூச்சியையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாமல் காத்திருக்கிறது. மஸ்கெலியா மழையில் வேறு எந்த மூலையில் வைத்திருந்தாலும் இந்த உறை உங்கள் கைக்கு வந்திருக்காது. உறையின் அடியில் தூள் ஏதாவது சேர்ந்திருந்தால் அதையும் கொட்டிவிடாமல் ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புப் பக்கம் தொழிற்சாலையில் போட்டது. மரப் பக்கம் கொய்யா போலத் தெரிகிறது, கையால் சீவி, செம்புக் கம்பியைத் தட்டித் தறைந்திருக்கிறார்கள். விற்கிறவர் யாரும் இதைப் பார்த்தால், "மரத்தைக் கழற்றி இரண்டு பக்கமும் கறுப்புப் போட்டால் விலை கூடும்" என்பார். கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக உள்ள 1944 கத்தி பர்மிங்ஹாமிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தது. ஒரு பக்கம் கொய்யா போட்டது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு முதலைக் கத்திக்கு வருவோம். முதலை, அதே மார்ட்டின்டேல் கம்பனியின் முத்திரை. 1870களில் தொடங்கிய கம்பனி அது, பர்மிங்ஹாமில் அவர்களின் பட்டறைக்கே முதலைப் பட்டறை என்றுதான் பெயர். கரும்புத் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்று உலகம் பூராவும் கத்தி விற்றவர்கள். போர் வந்ததும் அதே ஆட்கள் பட்டாளத்துக்கும் அடித்தார்கள். அதனால் முதலை என்பது செய்தவர் யார் என்று சொல்லும், வாங்கியவர் யார் என்று சொல்லாது. அம்பும் ஆண்டும் இல்லாவிட்டால் அது தோட்டத்துக் கத்திதான், அதிலொன்றும் குறைவில்லை. இதே குழப்பம் அமெரிக்கக் கொலின்ஸ் கத்திகளிலும் வரும். கையில் சுத்தியல் பிடித்த படமும் 'லெஜிட்டிமஸ்' என்ற சொல்லும் இருந்தால் அது கனெக்டிகட் மாநிலத்துக் கொலின்ஸ். 1826இலிருந்து 1966 வரை உலகத்தின் பாதிக் காட்டை வெட்டிய பெயர். அமெரிக்கப் படை வாங்கியதென்றால் 'யு.எஸ்' என்றும் ஆண்டும் சேர்ந்திருக்கும், அலகு 18 அங்குலம் நேராக ஓடும், கித்தான் உறையின் மேலே பட்டியில் மாட்டுகிற கம்பிக் கொக்கி இருக்கும். 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்த பிறகு அமெரிக்க உளவுப் பிரிவும் கண்டியில் இருந்தது. ஆகவே அப்படி ஒன்று மலைநாட்டில் யார் வீட்டிலாவது இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. படம் அனுப்புங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், சாணை வேண்டாம். மின்சாரச் சாணையில் வைத்த மாத்திரத்தில் அலகு சூடாகும். ஓரம் வைக்கோல் நிறமாகி, பிறகு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் விறைப்புப் போய்விட்டது, அதற்குப் பிறகு அது கூர் நிற்காது. வேலைக்குக் கத்தி வேண்டுமென்றால் ஹட்டன் இரும்புக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நோக வேண்டாம், "தாத்தா தீட்டின தீட்டு கடைசியாக இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

சுத்தம் செய்கிற காரியம் சின்னதுதான். உப்புத்தாள் தொடக்கூடாது. உறையின் பித்தளைப் பொத்தானைக் குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது. பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும். அலகில் கையோடு வருகிற செந்தூளைப் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். கரும்பழுப்பாக இறுகிப்போன துருவை விட்டுவிடுங்கள், அது அலகின் தோல். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஜப்பானியர் தங்கள் வாள்களுக்குப் போடுவது கமேலியா விதை எண்ணெய். உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கிற தேயிலையும் அந்தக் கமேலியாக் குடும்பத்துச் செடிதான். மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள், ஜப்பான் சம்பந்தம் கொஞ்சமாவது இருக்கட்டும்.

கத்தியை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனியாக வையுங்கள். உறைக்குள் வெள்ளைத் துணியைச் சுருட்டி லேசாக நிரப்பினால் உருவம் மடங்காது. புதிய வீட்டுச் சீமெந்துச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும், சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடாதீர்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் போட்டால் நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

விலை. இலட்சக் கணக்கில் போகாது. பட்டாளம் மொத்தமாகச் செய்வித்த பொருள் இது, உலகத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. அலகு தேய்ந்தது, பிடி மாற்றியது என்று சேகரிப்பவர்கள் அதிலும் குறைப்பார்கள். 3,000 ரூபாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து. உறையையும் அலகையும் தனித்தனியாகக் கேட்டு வருகிறவருக்கு எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். 1815க்கு முந்திய கண்டிக் காலத்து ஆயுதம் என்றால் அது தொல்பொருள் திணைக்களத்தின் காரியம், இது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் ஒன்று: யாருக்காவது காட்ட வேண்டுமென்று இதைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறாதீர்கள். வழியில் பொலிஸ் பையைத் திறந்தால் அகல அம்பைப் பற்றி அவருக்கு நீங்கள் நின்று பாடம் எடுக்க வேண்டி வரும். படம் போதும். இன்னும் இரண்டு படம் மட்டும் வேண்டும். ஒன்று, அலகின் முதுகை மேலிருந்து பார்த்து, பிடியிலிருந்து நுனிவரை. மற்றது, அந்த '17'இன் மிக அருகில், பக்கவாட்டு வெளிச்சத்தில்.

அதோடு, உங்கள் தோட்டத்தில் எண்பது தாண்டியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீட்டுப் பரணில் 16ஓ 18ஓ கிடக்கிறதா என்று.